ஒரு ஆட்டக்காரரின் பருவத்தை யார் கூட்டிப் பார்க்கிறீர்கள்? ஹேண்ட்பால் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

கொலோன், வியன்னா, பாசல் என்று மூன்று ஊர்களில் இருக்கும் மூன்று நிர்வாகங்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஜெர்மனியின் முதல் பிரிவு ஹேண்ட்பால் லீக்கான புண்டஸ்லிகாவை நடத்துகிறவர்களுக்கு, ஐரோப்பிய ஹேண்ட்பால் கூட்டமைப்புக்கு, சர்வதேச ஹேண்ட்பால் கூட்டமைப்புக்கு. தனித்தனியாக எழுதினால் என்ன பதில் வரும் என்பது ஓரளவு ஊகிக்கக்கூடியதுதான். லீக்கைக் கேட்டால் தேசிய அணிகளின் போட்டிகள்தான் அதிகம் என்பார்கள், வியன்னாவைக் கேட்டால் ஜெர்மன் லீக்கில் 18 அணிகள் எதற்கு என்பார்கள், பாசலைக் கேட்டால் எங்கள் உலக சாம்பியன்ஷிப் இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதானே என்று முடித்துக்கொள்வார்கள். அதனால் ஒரே மடல், மூன்று பேருக்கும்.

சொல்ல வந்தது இதுதான். போட்டிகளின் கணக்கு உங்கள் மூவரிடமும் இருக்கிறது, அவரவர் கணக்கு அவரவருக்குச் சரியாகவும் இருக்கிறது. ஆனால் அத்தனையிலும் ஆடுகிற மனிதரின் கணக்கை வைத்திருக்கிற பொறுப்பு மூவரில் ஒருவருக்கும் இல்லை.

2024-25 பருவத்தையே எடுத்துக்கொள்வோம். ரசிகனாகப் பார்த்தால் அதைவிட நல்ல பருவம் கேட்க முடியாது. முதல் பாதியில் மெல்சுங்கன் முன்னால் நின்றது (அவர்கள் ஒருமுறைகூட பட்டம் வென்றதில்லை என்பதால் நடுநிலையாளர்கள் பாதிப்பேர் அவர்கள் பக்கம்தான்), பிறகு பெர்லினும் மக்டேபுர்க்கும் நெருக்கிக்கொண்டு வந்து, 34ஆவது சுற்று வரை எதுவும் முடிவாகவில்லை. ஜூன் 8 அன்று ஃபுக்ஸே பெர்லின், ரைன்-நெக்கார் லோவன் அணியை அதன் சொந்த அரங்கில் 38-33 என்று வென்று, தன் வரலாற்றில் முதல்முறையாக சாம்பியன் ஆனது. மக்டேபுர்க் ஒரே ஒரு புள்ளி பின்னால். சரி, முடிந்தது, இனி ஓய்வு என்று நினைக்கிறீர்களா? அடுத்த ஞாயிறு, ஜூன் 15, கொலோன் அரங்கில், ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதியில் எதிரெதிரே நின்றது இதே இரண்டு அணிகள்தான். இந்த முறை மக்டேபுர்க் 32-26 என்று வென்றது.

இப்போது அதே பருவத்தை மத்தியாஸ் கிட்சலின் பக்கத்திலிருந்து பாருங்கள். பெர்லினின் இடதுகை ரைட் பேக் (வலப்பக்கத்திலிருந்து தாக்குபவர்), 2023, 2024 இரண்டு வருடமும் உலகின் சிறந்த வீரர் என்று நீங்களே விருது கொடுத்தவர். 2024 ஆகஸ்ட் 11 அன்று ஒலிம்பிக் இறுதியில் டென்மார்க்குக்காக ஜெர்மனியை 39-26 என்று வென்று தங்கம் வாங்கினார். செப்டம்பர் தொடக்கத்தில் லீக் தொடங்கிவிட்டது. டிசம்பர் கடைசி வரை லீக், கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாளும் ஆட்டம் வைப்பது உங்கள் வழக்கம். ஜனவரியில் உலக சாம்பியன்ஷிப், பிப்ரவரி 2 அன்று ஆஸ்லோவில் இறுதி, குரோஷியாவை 32-26 என்று வென்று டென்மார்க் தொடர்ந்து நான்காவது முறையாகத் தங்கம். (ஜூனில் கொலோனில் தோற்றதும் அதே 32-26 தான், யாரோ வேண்டுமென்றே எழுதி வைத்தது மாதிரி.) அடுத்த சில நாட்களில் மறுபடி லீக். அப்புறம் ஜூன் நடு வரை நிற்காத ஓட்டம்.

கூட்டிப் பார்ப்போம். லீக்கில் 34. சாம்பியன்ஸ் லீக்கில் குழுச் சுற்று 14, பெர்லின் நேராகக் கால் இறுதிக்குப் போகாமல் பிளேஆஃப் வழியாகப் போனதால் அதில் 2, கால் இறுதி 2, கொலோனில் அரையிறுதியும் இறுதியுமாக 2, ஆக 20. உலக சாம்பியன்ஷிப்பில் இறுதி வரை போகும் அணிக்கு 9. அதற்கு முன்னாலேயே ஒலிம்பிக்கில் 8. மொத்தம் 71. ஜெர்மன் கோப்பை, சூப்பர் கோப்பை, யூரோ (நாடுகளுக்கிடையேயான ஐரோப்பிய சாம்பியன்ஷிப்) தகுதிச் சுற்று, பயிற்சி ஆட்டங்கள் எதையும் நான் இதில் சேர்க்கவில்லை. அணிகளின் அட்டவணையைக் கூட்டிய கணக்கு இது, ஒன்றிரண்டு ஆட்டங்களில் அவர் உட்கார்ந்திருக்கலாம், இருக்கட்டும். ஜூலைக் கடைசியில் தொடங்கி அடுத்த ஜூன் நடு வரை, பதினோரு மாதத்துக்கும் குறைவான காலத்தில் 71. அத்தனையும் 60 நிமிட ஆட்டங்கள், ஒவ்வொரு தாக்குதலிலும் நூறு கிலோ ஆட்கள் இரண்டு பேர் நெஞ்சில் கைவைத்துத் தடுக்கிற ஆட்டங்கள்.

இந்த 71 என்ற எண் உங்கள் மூவரின் எந்த ஆவணத்தில் இருக்கிறது? லீக்கின் தாளில் 34 இருக்கும். வியன்னாவின் தாளில் 20. பாசலின் தாளில் 9, ஒலிம்பிக்கையும் சேர்த்தால் 17. தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே அநியாயமாகத் தெரியாது. ஒரே மாட்டை மூன்று வண்டிக்காரர்கள் முறைவைத்துப் பூட்டிக்கொண்டு, என் வண்டியில் பாரம் குறைவுதான் என்று மூன்று பேரும் சத்தியம் செய்வது மாதிரி இருக்கிறது இது.

பெரிய கிளப்புகள் ஆட்களைச் சுழற்சியில் இறக்கலாமே, ஒரு ஆட்டத்துக்கு 16 பேர் வரை எழுதலாமே, மாற்று ஆட்களுக்கு வரம்பே இல்லாத விளையாட்டாயிற்றே என்பது வழக்கமாக வருகிற பதில். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த லீக்கில் அது ஏன் நடப்பதில்லை என்பதை லீக்கின் வரலாறே சொல்கிறது. 2013-14இல் கீலும் லோவனும் சமப் புள்ளிகளில் முடித்து, பருவம் முழுக்கப் போட்ட கோல்களின் வித்தியாசத்தில் கீல் முன்னால் நின்றது. எத்தனை கோல் தெரியுமா? இரண்டு. 34 ஆட்டங்களுக்குப் பிறகு இரண்டு கோல். 2020-21இல் கீலும் ஃபிளென்ஸ்பர்க்கும் மறுபடி சமப் புள்ளிகள், இந்த முறை இருவருக்கும் இடையே நடந்த ஆட்டங்களை வைத்துக் கீலுக்குப் பட்டம். 2025இல் ஒரு புள்ளி. இப்படிப்பட்ட லீக்கில் எந்தப் பயிற்சியாளர் நவம்பர் மாதத்து வியாழக்கிழமை ஆட்டத்தில் கடைசி இடத்து அணிதானே என்று தன் சிறந்த ஆளை உட்கார வைப்பார்? வைத்துத் தோற்றால் ஜூனில் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டுமே. வேறு சில நாடுகளில் ஒரு பெரிய கிளப் உள்ளூர் ஆட்டங்களில் பாதியை இளைஞர்களை வைத்தே வென்றுவிட்டு, தன் முக்கிய ஆட்களை ஐரோப்பாவுக்கு என்று பத்திரப்படுத்த முடிகிறது. ஜெர்மனியில் கடைசி இடத்து அணியும் சொந்த அரங்கில் சாம்பியனை அடித்து அனுப்பும். உலகின் வலுவான லீக் என்று பெருமையாகச் சொல்கிறீர்களே, அந்த வலுவுக்கான விலையைக் கொடுப்பது ஆட்டக்காரரின் முழங்கால்.

2011-12இல் கீல் 34க்கு 34 வென்றது, ஒரு புள்ளிகூட விடவில்லை, அதே பருவத்தில் ஜெர்மன் கோப்பையும் சாம்பியன்ஸ் லீக்கும் சேர்த்து. அந்தச் சாதனையை நானும் வாயைப் பிளந்து பேசியிருக்கிறேன். ஆனால் இன்றைய வேகத்தில் அதை இன்னொரு அணி செய்யும் என்று எனக்குத் தோன்றவில்லை, செய்ய வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

வேகம் என்றதும் இன்னொன்று. 2022 ஜூலையில் விதிகளை மாற்றினீர்கள். நடுக்கோட்டில் நான்கு மீட்டர் வட்டம் வந்தது, கோல் வாங்கிய அணி அதற்குள் பந்தோடு வந்த உடனே ஆட்டத்தைத் தொடங்கலாம், கோட்டில் காலை வைத்து நிற்கத் தேவையில்லை. கோலுக்கு முயலாமல் பந்தை வைத்துக்கொண்டே இருக்கிற சோம்பல் ஆட்டத்துக்கு நடுவர் கை தூக்கிய பிறகு ஆறு பாஸ் என்றிருந்தது நான்காகக் குறைந்தது. பார்க்கிறவர்களுக்குக் கொண்டாட்டம், எனக்கும்தான். ஆனால் கோல் போட்டுவிட்டுத் திரும்பி நடந்து வருகிற அந்த நாலு விநாடி மூச்சும் போயிற்று. ஒவ்வொரு ஆட்டமும் கனமாகிவிட்டது, ஆட்டங்களின் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. யூரோவில் 16 அணிகள் இருந்ததை 2020இல் 24 ஆக்கினீர்கள், உலக சாம்பியன்ஷிப்பில் 24 இருந்ததை 2021இல் 32 ஆக்கினீர்கள். புதிய நாடுகள் வருவது நல்லதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு பக்கம் கூட்டும்போது இன்னொரு பக்கம் கழிக்க வேண்டும் என்ற எண்ணம் யாருக்காவது வந்ததா?

உங்கள் மூன்று நாட்காட்டிகளும் ஒன்றோடொன்று பேசுவதில்லை என்பதற்கு 2018 மார்ச்சைவிட நல்ல சான்று கிடையாது. அப்போது நடப்பு ஜெர்மன் சாம்பியன் லோவன். கீலுக்கு எதிரான லீக் ஆட்டமும், போலந்தின் கியெல்ட்சேயில் சாம்பியன்ஸ் லீக் நாக் அவுட் ஆட்டமும் ஒரே நாளில் வந்து விழுந்தன. லீக் நகரவில்லை, ஐரோப்பாவும் நகரவில்லை. கடைசியில் லோவன் தன் முதல் அணியைக் கீலுக்கு எதிராக இறக்கிவிட்டு, மூன்றாம் பிரிவில் ஆடும் தன் இரண்டாவது அணியைப் போலந்துக்கு அனுப்பியது. 41-17. ஐரோப்பாவின் உச்சப் போட்டியில், நாக் அவுட் சுற்றில், இருபத்துநான்கு கோல் வித்தியாசம். அந்தப் பையன்களைக் குறை சொல்ல எதுவுமில்லை, அவர்கள் போய் ஆடினார்கள். தொலைக்காட்சி நேரத்துக்காகவும் அரங்கின் தேதிக்காகவும் இரண்டு அலுவலகங்கள் முறைத்துக்கொண்டு நின்றதற்கு டிக்கெட் வாங்கியவர்கள் பார்த்த காட்சி அது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதை நீங்கள் வீரக்கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். 2023 ஜூன், கொலோன், சனிக்கிழமை அரையிறுதியில் பார்சலோனாவுக்கு எதிராக மக்டேபுர்க்கின் கிஸ்லி கிறிஸ்ட்யான்சனுக்குத் தோள்மூட்டு விலகியது. ஞாயிறு இறுதியில் கியெல்ட்சேவுக்கு எதிராக அவர் ஆடினார். மக்டேபுர்க் கூடுதல் நேரத்தில் 30-29 என்று வென்றது, அந்த வார இறுதியின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. ஆட்டத்தைப் பார்த்தபோது எனக்கும் மெய்சிலிர்த்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அரையிறுதியையும் இறுதியையும் அடுத்தடுத்த நாட்களில் வைத்தது யார்? பருவத்தின் மிகக் கடுமையான இரண்டு ஆட்டங்கள், பத்து மாதம் ஓடிக் களைத்த உடம்பு, நடுவே ஒரு இரவு. அரங்கை ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து, நான்கு அணிகளின் ரசிகர்களுக்கும் ஒரே டிக்கெட்டாக விற்பது லாபம் என்பதைத் தவிர இதற்கு விளையாட்டு சார்ந்த காரணம் ஒன்று இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

ஆட்டக்காரர்கள் சொல்லாமல் இல்லை. சில வருடங்களுக்கு முன் ஐரோப்பாவின் முன்னணி வீரர்கள் ஒன்றுசேர்ந்து, எங்களை வைத்து விளையாடாதீர்கள் என்று ஒரு பிரசாரமே நடத்தினார்கள். பிறகு வந்தது 2020-21. பெருந்தொற்றால் முந்தைய பருவம் பாதியில் நின்று யாரையும் கீழே இறக்காமல் விட்டதால் லீக்கில் 20 அணிகள், 38 ஆட்டங்கள். தள்ளிப்போன 2020 சாம்பியன்ஸ் லீக் இறுதியை டிசம்பர் 29 அன்று வைத்தீர்கள், கீல் வென்றது. இரண்டே வாரத்தில் எகிப்தில் உலக சாம்பியன்ஷிப். ஜூன் கடைசியில் லீக் முடிந்தது, ஜூலைக் கடைசியில் டோக்கியோ ஒலிம்பிக். அசாதாரண வருடம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வருடத்தை ஆட்டக்காரர்கள் எப்படியோ தாங்கிவிட்டதால், இதையும் தாங்குவார்கள் என்ற முடிவுக்கு நீங்கள் வந்துவிட்டீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

இதையெல்லாம் தமிழில் எழுதினால் அங்கே யார் படிக்கப் போகிறார்கள் என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இரவு ஒரு மணிக்கு விழித்திருந்து இந்த லீக்கைப் பார்க்கிற தமிழ் ஆட்கள் இருக்கிறோம், எண்ணிக்கை குறைவு என்பதால் கருத்தே இல்லை என்றாகிவிடாது. எங்களுக்குள் பேசுவதையே உங்களைப் பார்த்துச் சொல்கிறேன்.

பணம் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது என்பதும் தெரியும். ஹேண்ட்பால் கிளப் கால்பந்து கிளப் மாதிரி தொலைக்காட்சிக் காசில் மட்டும் ஓடுவதில்லை. அரங்கு நிறைய வேண்டும், உள்ளூர் ஸ்பான்சர் வேண்டும், சொந்த அரங்கில் 17 ஆட்டங்கள் என்பது 17 நாள் வருமானம். அந்தத் தரை எவ்வளவு வழுக்கும் என்பதற்கு ஹம்பர்க் இருக்கிறது. 2011இல் லீக் சாம்பியன், 2013இல் சாம்பியன்ஸ் லீக் வெற்றியாளர், 2016 ஜனவரியில் திவாலாகி பருவத்தின் நடுவிலேயே லீக்கிலிருந்து காணாமல் போனது. கீழேயிருந்து ஏறித் திரும்பி வந்த பிறகும், 2024இல் உரிமம் முதலில் மறுக்கப்பட்டு, நடுவர் மன்றம் வரை போய்த்தான் கிடைத்தது. அதனால் நாலு ஆட்டத்தைக் குறைத்துவிடுங்கள் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சுலபமாகச் சொல்லலாம், கிளப்பின் கணக்குப் புத்தகத்தை வைத்திருப்பவருக்கு அது இரண்டு நாள் வசூல் போவது. தேசியச் சம்மேளனங்களுக்கும் ஜனவரிதான் அறுவடைக் காலம். 2024 ஜனவரி 10 அன்று டுசல்டார்ஃபில் யூரோ தொடக்க ஆட்டத்துக்கு 53,586 பேர் வந்தார்கள், ஹேண்ட்பால் ஆட்டம் ஒன்றுக்கு உலக சாதனை. இப்படி ஒரு மேடையை யார் விட்டுக்கொடுப்பார்கள்?

இருந்தாலும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும், மூன்று பேரும். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். லீக் 16 அணிகளுக்கு வரட்டும். பிரான்சின் முதல் பிரிவு 16 அணிகளோடு 30 சுற்றுகளில் நடக்கிறது, அங்கே யாரும் பருவம் சின்னதாகிவிட்டது என்று அழுததாகத் தெரியவில்லை. அதனால் கிளப்புகளுக்குப் போகும் இரண்டு சொந்த அரங்கு ஆட்டங்களின் நஷ்டத்தில் ஒரு பங்கை, கிளப்பின் சம்பளத்தில் இருக்கிற ஆட்டக்காரரை ஜனவரி முழுக்க வாங்கிக்கொள்கிற கூட்டமைப்புகள் ஏற்கட்டும். ஒலிம்பிக் வருடத்தில் ஜனவரிப் போட்டி வேண்டாம். அப்படியானால் யூரோ நான்கு வருடத்துக்கு ஒரு முறை என்று ஆகிவிடும், வியன்னாவுக்கு இது கசக்கும், தெரியும். கசக்காத யோசனை எதுவும் மிச்சமில்லை என்பதால்தான் இதைச் சொல்கிறேன். சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிக்கும் இறுதிக்கும் நடுவே ஒரு நாளாவது விடுங்கள், சனி-ஞாயிறு என்பதை வெள்ளி-ஞாயிறு ஆக்கினால் கொலோனுக்கு வருகிற ரசிகர்கள் ஒரு இரவு கூடுதலாகத் தங்குவார்கள், அவ்வளவுதானே.

இதில் எதுவுமே முடியாது என்றால், குறைந்தபட்சம் ஒரு உச்சவரம்பு. ஒரு ஆட்டக்காரர், எல்லாச் சட்டைகளிலும் சேர்த்து, ஒரு பருவத்தில் இத்தனை ஆட்டத்துக்கு மேல் இறங்கக்கூடாது. 60 என்று வைப்போம், வேறு எண் சரி என்றால் மருத்துவர்களை வைத்து நீங்களே முடிவு செய்யுங்கள். கோடையில் தொடர்ந்து நான்கு வாரம் பந்தைத் தொடாத ஓய்வு, ஜனவரிப் போட்டியில் கடைசி வரை போனவர்களுக்கு அதன்பின் பத்து நாள். வெறும் பரிந்துரையாக வேண்டாம், விதியாக. நடுவர் தாளில் பெயர் எழுதும்போதே அந்த ஆட்டக்காரரின் எண்ணிக்கை முன்னால் வந்து நிற்க வேண்டும், வரம்பைத் தாண்டியிருந்தால் பெயரை எழுத முடியக்கூடாது. அப்போது பயிற்சியாளருக்கும் நிம்மதி. நவம்பர் வியாழக்கிழமை அன்று நட்சத்திரத்தை உட்கார வைத்ததற்கு அவர் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம், எதிரணியும் அதே வரம்புக்குள்தானே ஆடுகிறது. எல்லோரையும் ஒரே மாதிரி கட்டுகிற விதி வந்தால்தான் 16 பேர் எழுதலாம் என்ற வசதிக்கும் அர்த்தம் வரும், 20 வயதுப் பையன்களுக்கும் நிஜமான நிமிடங்கள் கிடைக்கும்.

ரசிகர்கள் நட்சத்திரத்தைப் பார்க்கத்தானே வருகிறார்கள், அவர் இல்லாத ஆட்டத்துக்கு யார் வருவார்கள் என்று கேட்பீர்கள். அவர் காயமாகி ஆறு மாதம் வெளியே இருக்கும்போதும் அவர் இல்லாத ஆட்டத்துக்குத்தானே டிக்கெட் விற்கிறீர்கள்? அப்போது மட்டும் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

இந்த உச்சவரம்பும்கூட பெரிய வேலை, வருடங்கள் ஆகும் என்றால், நாளைக்கே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, காசும் செலவாகாது. லீக்கின் இணையதளத்தில் ஒவ்வொரு ஆட்டக்காரரின் கோல், பெனால்ட்டி, மஞ்சள் அட்டை, இரண்டு நிமிடத் தண்டனை எல்லாம் இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு கட்டம் சேருங்கள்: இந்தப் பருவத்தில் கிளப், ஐரோப்பா, தேசிய அணி எல்லாம் சேர்த்து ஆடிய ஆட்டங்கள், ஆடிய நிமிடங்கள், கடைசியாகத் தொடர்ந்து பதினான்கு நாள் ஓய்வு கிடைத்த தேதி. மூன்று அலுவலகங்களிலும் தனித்தனியாக இருக்கிற தரவுதான். ஒன்றாகப் போட்டு வெளியிடுவதில் உங்களுக்கு என்ன தடை? அடுத்த பருவத்தின் முதல் சுற்றுக்கு முன் அந்தக் கட்டம் வருமா, வராதா? வராது என்றால் மூவரில் யார் வேண்டாம் என்றது என்பதையாவது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் லீக்கை விடாமல் பார்க்கும் ஒரு ரசிகன்